அயன் கற்றை அடித்தால் துளை பெருக்கத்தானே வேண்டும்? ஏன் சுருங்குகிறது?

பட்டிருப்பு_பௌதிகம் கேட்டது:

வணக்கம். களுவாஞ்சிகுடிப் பக்கம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். போன கிழமை ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லாமல் தவணை வாங்கிக்கொண்டு திரிகிறேன்.

விசயம் இதுதான். டீஎன்ஏ மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க, சிலிக்கன் நைத்திரைட்டில் செய்த மெல்லிய மென்சவ்வில் சில நனோமீற்றர் அகலத்தில் ஒரேயொரு துளை போடுகிறார்கள். அவ்வளவு சின்னத் துளையை நேரடியாகப் போட முடியாததால், முதலில் பெரிய துளையாகப் போட்டுவிட்டு, அதன்மேல் ஆகன் அயன் கற்றையை (மின்னேற்றம் பெற்ற ஆகன் அணுக்களின் ஓட்டத்தை) அடித்து வேண்டிய அளவுக்குச் சுருக்குவார்களாம். பிள்ளை எங்கேயோ வாசித்துவிட்டு வந்து கேட்டது: “சேர், அயன் மோதினால் மேற்பரப்பு அணு கழன்று பறக்கும் என்றுதானே சொன்னீங்க. அப்ப துளை பெருக்கத்தானே வேணும்?”

நியாயமான கேள்வி. எனக்கு உடனே மனதில் வந்தது நம்முடைய முகத்துவாரம்தான். கோடையில் வாவியில் ஓட்டம் குறைந்ததும் அலை மணலைக் கொண்டுவந்து பாலமீன்மட்டில் வாயை அடைத்துவிடுகிறது. மாரி வெள்ளம் வந்தால் வாய் திறக்கிறது. தானாகத் திறக்காவிட்டால் வெட்டி விடுகிறார்கள். அதே மாதிரி இங்கேயும் ஏதோ ஒன்று அடைக்கிறது, ஏதோ ஒன்று திறக்கிறது என்று வகுப்பில் சொல்லலாமா? அல்லது பிள்ளைகளுக்குப் பிழையான படத்தைக் கொடுத்துவிடுவேனா? அடைக்கிற பொருள் எங்கிருந்து வருகிறது? அயனே போய் ஒட்டிக்கொள்கிறதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கள்.

ஆய்வுகூடத்_தம்பி எழுதியது:

சேர், நான் அக்கரைப்பற்று. வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனைதான் வேலை. அயன் கற்றை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துளைக்குள்ளால் விட்டு எண்ணுகிற வேலை எங்களுக்குத் தினமும் உள்ளது, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

டெங்குக் காலம் வந்தால் எங்கள் மேசையில் குழாய்கள் குவிந்துவிடும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, “பிளேட்லெட் எவ்வளவு?” பல இயந்திரங்களில் அதை எண்ணுவது படம் பிடித்து இல்லை. உப்புக் கரைசலில் இரத்தத்தை ஐதாக்கி, ஒரு சின்னத் துளைக்குள்ளால் உறிஞ்சுகிறது. துளைக்கு இரண்டு பக்கமும் மின்வாய். கலம் ஒன்று துளைக்குள் நுழைந்ததும் அந்த இடத்துக் கரைசலை ஒதுக்கிவிடுவதால் தடை ஒரு கணம் கூடும். ஒரு துடிப்பு வரும். துடிப்பு பெரிதென்றால் கலம் பெரிது. செங்குழியம் ஏறக்குறைய 7 மைக்ரோமீற்றர், பிளேட்லெட் இரண்டு மூன்று மைக்ரோமீற்றர், ஆகவே துடிப்பின் உயரத்தைப் பார்த்தே வேறாக்கிவிடலாம். வாலஸ் கூல்ட்டர் என்ற அமெரிக்கர் 1953இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் முழுக்குருதிக் கணக்கு எடுக்கிற இயந்திரங்கள் நிறையவற்றின் அடிப்படை அதுதான்.

துளை, எண்ணுகிற பொருளை விடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் துடிப்பு இரைச்சலுக்குள் மறைந்துவிடும். எனவே டீஎன்ஏயைப் பிடிக்க ஏன் அவ்வளவு சின்னத் துளை வேண்டும் என்பது எனக்கு விளங்குகிறது. மிச்சத்தை யாராவது சொன்னால் நானும் படித்துக்கொள்வேன்.

வெற்றிடக்காரி எழுதியது:

சேர், இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவள் நான். சொந்த ஊர் கல்லாறு. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பல வருசம் வெற்றிடப் பம்பிகளோடும் அயன் மூலங்களோடும் குடித்தனம் நடத்திவிட்டு இப்போது கல்லடியில் இருக்கிறேன். ஆராய்ச்சியாளர் அல்ல, அவர்களுடைய இயந்திரத்தைச் சாகாமல் பார்த்துக்கொண்டவள். அதனால் பதில் கொஞ்சம் இயந்திரப் பக்கம் சாய்ந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிள்ளையின் கேள்வி. அயன் அடித்தால் துளை பெருக்க வேண்டும் என்றுதான் இதைச் செய்தவர்களும் நினைத்தார்கள். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஜீன் கோலோவ்சென்கோ, டானியல் பிரான்டன் ஆகியோரின் குழு. அதில் ஜியாலி லி என்ற பெண் விஞ்ஞானி முதன்மை ஆசிரியராக எழுதிய கட்டுரை 2001 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அவர்களுடைய ஒரு திட்டம் இப்படி: மென்சவ்வின் ஒரு பக்கத்தில் குழி ஒன்றைத் தோண்டி வைப்பது, மறுபக்கத்தில் இருந்து அயனால் மட்டமாக அரித்துக்கொண்டு போவது, அரிப்பு குழியின் அடியைத் தொடுகிற கணத்தில் மிகச் சின்னத் துளை ஒன்று திறக்கும், அந்தக் கணத்திலேயே கற்றையை நிறுத்துவது. நல்ல திட்டம்தான். ஆனால் அறை வெப்பநிலையில் அயன் கற்றைக்குத் துளையைத் திறப்பதைவிட மூடுவதில்தான் விருப்பம் என்று பார்த்தார்கள். உடனே திட்டத்தையே தலைகீழாக்கினார்கள். ஏறக்குறைய 60 நனோமீற்றர் அகலத் துளையை முதலில் போட்டு, அதை 3 கிலோ இலத்திரன்வோல்ட் ஆகன் அயன்களால் அடித்து 1.8 நனோமீற்றருக்குக் கொண்டுவந்தார்கள். டீஎன்ஏ இரட்டைச் சுருளின் விட்டம் 2 நனோமீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி, எப்படி.

3 கிலோ இலத்திரன்வோல்ட் என்றால் 3000 இலத்திரன்வோல்ட். திண்மத்தில் ஒரு பிணைப்பை அறுக்கச் சில இலத்திரன்வோல்ட் போதும். வேகத்தைப் பிள்ளைகளையே கணிக்க விடுங்கள்: ஆகனின் திணிவு எண் 40, இயக்கப்பாட்டுச் சக்திச் சமன்பாட்டில் போட்டால் விநாடிக்கு 120 கிலோமீற்றர் கிட்ட வரும். அப்படி வந்து விழுகிற அயன் ஆழமாகப் போவதில்லை, மேலே உள்ள சில நனோமீற்றருக்குள்ளேயே தன் சக்தி முழுவதையும் கொட்டிவிடுகிறது. ஒரு அணுவைத் தள்ளுகிறது, அது இன்னொன்றைத் தள்ளுகிறது, இப்படி ஒரு குழப்பம் அந்த மெல்லிய தோலுக்குள் நடக்கிறது.

வகுப்பில் விட்டுப்போவது இந்த இடம்தான் என்று நினைக்கிறேன். அந்தக் குழப்பத்தில் மேற்பரப்பை விட்டு உண்மையிலேயே பறந்து போகிறவை ஒரு அயனுக்கு ஒன்று இரண்டு அணுக்கள் என்ற அளவுதான். இடம் பெயர்ந்தும் திண்மத்திலேயே தங்கிவிடுகிறவை அதைவிட மிக அதிகம். நாம் பறந்து போனதை மட்டும் படிப்பிக்கிறோம். துளையை மூடுவது தங்கிப்போனவை.

தங்கிப்போனவற்றில் சில, மேற்பரப்புக்கு மேலே தளர்வாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குச் சரியான பிணைப்பு இல்லை. அறை வெப்பநிலையே அவற்றை அங்கும் இங்கும் தாவ வைக்கப் போதும். தாவித் திரியும்போது மூன்றில் ஒன்று நடக்கும். மேற்பரப்பில் உள்ள ஏதாவது குறைபாட்டில் சிக்கி நின்றுவிடும். அல்லது அடுத்த அயன் வந்து அதை அடித்து வெளியே எறிந்துவிடும். அல்லது துளையின் விளிம்பை அடைந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வகை போதுமான அளவு சேர்ந்தால் விளிம்பு உள்நோக்கி வளர்கிறது. துளை சுருங்குகிறது.

ஆகவே அடைக்கிற பொருள் ஆகன் இல்லை, சேர். மென்சவ்வின் சொந்தப் பொருள்தான், துளையைச் சுற்றியுள்ள மேற்பரப்பில் இருந்து வருகிறது. ஆகன் வந்து குழப்பம் செய்துவிட்டுப் போகிறது.

உங்கள் முகத்துவார உதாரணம் பாதி சரி. பொருள் அயல் கரையில் இருந்து வந்து வாயில் சேர்கிறது என்பது சரி. மெல்லிய திட்டாகச் சேர்கிறது என்பதும் சரி: மென்சவ்வு நூற்றுக்கணக்கான நனோமீற்றர் தடிப்பாக இருந்தாலும், புதிதாக வளர்ந்து துளையைச் சூழும் விளிம்பு பத்து நனோமீற்றர் அளவுக்கு மெல்லியது. டீஎன்ஏயைப் பார்க்க அதுதான் வசதி, நீளமான சுரங்கமாக இருந்தால் சமிக்கை மங்கிப்போகும். ஆனால் முகத்துவாரத்தில் அடைப்பது கடலலை, திறப்பது வாவி வெள்ளம். இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருந்து வருகிறவை. இங்கே இரண்டு வேலையையும் செய்வது ஒரே கற்றை. ஒரே அயன் ஒரு அணுவை எறிந்து துளையைப் பெருப்பிக்கிறது, இன்னும் சிலதைத் தளர்த்திவிட்டுச் சுருக்குகிறது. எந்தப் பக்கம் வெல்லும் என்பதை வெப்பநிலையும், விநாடிக்கு எத்தனை அயன் விழுகிறது என்பதும் தீர்மானிக்கின்றன.

வெப்பநிலையைக் குறையுங்கள். தளர்ந்த அணுக்களின் தாவல் குறையும், விளிம்புவரை போய்ச் சேருகிறவை குறையும், ஆனால் எறிவது அப்படியே நடக்கும். பூச்சியம் செல்சியஸ் பக்கம் கொண்டுபோனபோது அதே மென்சவ்வில் அதே கற்றை துளையைத் திறந்தது. ஃபிரிட்ஜ் வெப்பநிலைக்கும் அறை வெப்பநிலைக்கும் இடையில் அரிப்பு வளர்ப்பாக மாறுகிறது! எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம் இதுதான். ஆயிரக்கணக்கான இலத்திரன்வோல்ட்டில் வந்து விழுகிற அயனுக்கு முன்னால் அறை வெப்பநிலையில் ஒரு அணுவுக்குக் கிடைக்கிற சக்தி ஏறக்குறைய நாற்பதில் ஒரு இலத்திரன்வோல்ட். ஆனாலும் முடிவைத் திருப்புவது அந்தச் சின்னச் சக்தி.

அயன்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். கற்றையை அடர்த்தியாக்கினால் வேகமாக மூடும் என்று எதிர்பார்ப்போம். ஒரு அயனுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் நடப்பது மறுவளம்: அடர்த்தி கூடக்கூட ஒவ்வொரு அயனும் மூடுவது குறைகிறது. தளர்ந்த அணு விளிம்பை அடையுமுன் இன்னொரு அயன் வந்து அதை அப்புறப்படுத்திவிடுகிறது, அல்லது அது சிக்குவதற்குப் புதிய குறைபாட்டை உண்டாக்கிவிடுகிறது. எங்கள் ஆய்வுகூடத்தில் அவசரக்காரப் பொடியன்கள் வந்து அயன் மூலத்தின் குமிழியைக் கூட்டித் திருப்பச் சொல்வார்கள். நான் திருப்ப மாட்டேன்.

அப்புறம் நிறுத்துவது. 1.8 நனோமீற்றரில் எப்படி நிறுத்துவது? இவ்வளவு நேரம் அடித்தால் இவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டிக் கணித்து வைத்தால் சரிவராது, ஒவ்வொரு மென்சவ்வும் ஒவ்வொரு மாதிரி. அவர்கள் செய்தது எளிமையானது. துளைக்குப் பின்னால் ஒற்றை அயனையும் எண்ணக்கூடிய உணரி ஒன்று. துளை வழியாகத் தப்பி வருகிற அயன்களை அது எண்ணிக்கொண்டே இருக்கும். துளையின் பரப்பளவு குறையக் குறைய எண்ணிக்கை அதே விகிதத்தில் குறையும். குறித்த எண்ணிக்கைக்கு இறங்கிய உடனே கற்றையை மின்புலத்தால் பக்கத்துக்குத் திருப்பிவிடும். துளையைச் செய்கிற அயன்களே துளையை அளந்தும் சொல்கின்றன. பிறகு இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் படம் எடுத்துச் சரிபார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உள்ளது. கற்றையை நிறுத்தியதும் பொருள் உடனே நிற்பதில்லை. அடுத்த வருடம், 2002இல், டெரெக் ஸ்டைன், லி, கோலோவ்சென்கோ மூவரும் கற்றையைத் துடிப்புத் துடிப்பாக விட்டு அளந்தார்கள். கற்றை நின்ற பின்னும், நாம் உணரக்கூடிய நேரத்துக்கு, பொருள் நகர்ந்துகொண்டே இருந்தது. அதனால் கடைசிக் கட்டத்தில் விட்டு விட்டு அடிப்பது நல்லது.

இன்னொன்று, சிலிக்கன் நைத்திரைட்டு மின்கடத்தி இல்லை. நேர் அயன்கள் விழ விழ ஏற்றம் சேர்ந்து, வருகிற அயன்களையே தள்ளிவிடப் பார்க்கும். அதனால் பக்கத்தில் இருந்து தாழ்சக்தி இலத்திரன்களைத் தூவி ஏற்றத்தைச் சமப்படுத்த வேண்டும். கட்டுரையில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். ஆய்வுகூடத்தில் அரைவாசிச் சண்டை இதோடுதான்.

ஆய்வுகூடத்_தம்பி எழுதியது:

அக்கா, நல்லா விளங்கிச்சு. எங்கள் இயந்திரத்தில் துளை அடைபட்டால் பெரிய தலையிடி. நீங்கள் அடைப்பதையே தொழிலாக வைத்திருந்திருக்கிறீர்கள்!

ஒரு கேள்வி. 5 நனோமீற்றர் துளையில் எவ்வளவு மின்னோட்டம் வரும்? அளக்கக்கூடிய அளவா? அதோடு டீஎன்ஏ வந்ததா, வெறும் தூசியா என்று எப்படித் தெரியும்?

வெற்றிடக்காரி எழுதியது:

தம்பி, கேள்வி உங்களுடையது, கணக்கு சேருடைய வகுப்புக்குப் போகட்டும். ஒரு மோலர் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலின் தடைத்திறன் ஏறக்குறைய 0.09 ஓம் மீற்றர். துளையின் விட்டம் 5, நீளம் 10 நனோமீற்றர் என்று வையுங்கள். தடைத்திறனை நீளத்தால் பெருக்கிப் பரப்பளவால் வகுத்தால் 46 மெகாஓம் வரும். இதோடு கணக்கு முடியாது. கரைசலில் இருந்து துளை வாய்க்கு மின்னோட்டம் ஒடுங்கி வருவதற்கே ஒரு தடை உள்ளது. இரண்டு வாய்க்கும் சேர்த்து அது தடைத்திறனை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும், இங்கே 18 மெகாஓம். மொத்தம் 64. நூறு மில்லிவோல்ட் கொடுத்தால் ஒன்றரை நனோ அம்பியருக்குக் கொஞ்சம் மேலே. நல்ல விரியலாக்கி இருந்தால் தாராளமாக அளக்கலாம்.

நீளத்தைக் குறைத்துக்கொண்டே போனாலும் இந்த 18 மெகாஓம் போகாது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், சேர். துளை மெல்லியதாக இருப்பதால் வருகிற இலாபத்துக்கு அங்கே ஒரு எல்லை விழுகிறது.

தூசி விசயம். டீஎன்ஏ எதிர் ஏற்றமுள்ளது, ஆகவே எந்தப் பக்கம் நேர் மின்வாய் உள்ளதோ அந்தப் பக்கம்தான் போகும். மின்வாயை மாற்றினால் துடிப்பு நிற்க வேண்டும். அதோடு துடிப்பின் வடிவமே பேசும். 2003இல் அதே குழு காட்டியது: நீளமான டீஎன்ஏ சிலநேரம் மடிந்தபடி நுழையும், அப்போது துளைக்குள் ஒரே நேரத்தில் இரண்டு இழை இருப்பதால் மின்னோட்டம் இரட்டை ஆழத்துக்கு விழும். மடிப்பு முடிந்ததும் ஒற்றை ஆழத்துக்கு ஏறும், பிறகு பழைய நிலைக்கு வரும். தூசி இப்படிப் படி வைத்து இறங்காது.

இதற்கு முன்பே, 1996இல், பிரான்டனும் டேவிட் டீமரும் ஜோன் கசியானோவிச்சும் ஒரு பக்றீரியாவின் நச்சுப் புரதத்தில் இயற்கையாகவே உள்ள துளை வழியாக டீஎன்ஏ தனியிழைகளை இழுத்துக் காட்டியிருந்தார்கள். இன்றைக்கு உள்ளங்கையில் அடங்குகிற டீஎன்ஏ வாசிப்புக் கருவி விற்பனைக்கு உள்ளது, அதற்குள்ளும் இருப்பது புரதத் துளைதான். திண்மத் துளைக்காரர்கள் புரதம் மென்மையானது, அது பதிந்திருக்கிற கொழுப்புப் படலம் உடைந்துவிடும், எங்களுடையது வெப்பமும் அமிலமும் தாங்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சந்தையில் வென்றது புரதம். ஏனென்றால் ஒவ்வொரு புரதத் துளையும் அணுவுக்கு அணு ஒரே மாதிரி. நாங்கள் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு துளை இன்னொரு துளையைப் போல் வராது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

தம்பிலுவில்_கிணறு எழுதியது:

விஞ்ஞானம் எனக்குத் தூரம். ஆனாலும் கேட்கிறேன். எங்கள் பக்கம் கடலோரக் கிணறுகளில் கோடைக்கு உப்புக் கரிக்கிறது. இந்த மாதிரி நனோ துளை நிறையப் போட்டு ஒரு தகடு செய்தால் உப்பை வடிக்க முடியாதா? அப்படி இருந்தால் டீஎன்ஏயை விட இதுதான் எங்களுக்கு அவசரம்.

வெற்றிடக்காரி எழுதியது:

அண்ணே, அவசரம் எது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தத் துளை உப்பை நிறுத்தாது. மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள், துளை வழியாக மின்னோட்டம் ஓடுவதே பொட்டாசியம் அயனும் குளோரைட்டு அயனும் தாராளமாகப் போய்வருவதால்தான். உப்பு நின்றுவிட்டால் எங்கள் கருவியே செத்துவிடும். அதோடு இது ஒரு மென்சவ்வுக்கு ஒரு துளை என்று உட்கார்ந்து செய்கிற வேலை. ஒரு கோப்பைத் தண்ணீர் வடிய எத்தனை தலைமுறை ஆகுமோ!

நிறையத் துளை வேண்டும் என்றால் அயனாலேயே வேறொரு வழி உள்ளது. மிக வேகமான கன அயன்களைப் பொலிகாபனேற்றுப் படலத்துக்குள்ளால் ஊடுருவ விடுவார்கள். ஒவ்வொரு அயனும் போன வழியில் ஒரு சேதத் தடத்தை விட்டுச் செல்லும். பிறகு காரத்தில் ஊறவைத்தால் அந்தத் தடங்கள் மற்ற இடங்களை விட வேகமாகக் கரைந்து துளைகளாகும். எத்தனை அயனோ அத்தனை துளை. எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு அகலம். இந்த வடிகட்டிகள் பல வருசமாக ஆய்வுகூடங்களில் உள்ளன, பக்றீரியாவை நிறுத்தும். உப்பை நிறுத்தாது. உப்புக்கு ஆர்ஓ என்று சனங்கள் சொல்கிற பொறிதான், அதில் இப்படி ஊடுருவிப் போகிற திறந்த துளை கிடையாது. நீர் பொலிமருக்குள் கரைந்து பரவிக் கடக்கிறது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள்.

பட்டிருப்பு_பௌதிகம் எழுதியது:

மிகவும் நன்றி. நாளைக்கே வகுப்பில் சொல்லலாம் போல இருக்கிறது. ஆனால் தங்கச்சி, ஒரு இடத்தில் என் மனம் இன்னும் ஒப்பவில்லை. தளர்ந்த அணுக்கள் தாவி வந்து ஒட்டுகின்றன என்கிறீர்கள். எனக்கு மேற்பரப்பிழுவை போதும் என்று படுகிறது. மேலே உள்ள தோல் அயனால் குழம்பி ஒரு பாய்மம் மாதிரி ஆகிறது என்று வைத்தால், பாய்மம் தன் மேற்பரப்பைக் குறைக்கப் பார்க்கும், துளை மூடும். அணுவின் தாவல் இல்லாமலே கதை முடிகிறதே?

வெற்றிடக்காரி எழுதியது:

பிடித்துவிட்டீர்கள், சேர். இதோடுதான் அவர்களும் மல்லுக்கட்டினார்கள். 2001 கட்டுரையிலேயே இரண்டு விளக்கமும் உள்ளது: ஒன்று தாவுகிற அணு, மற்றது அயன் ஊடுருவுகிற சில நனோமீற்றர் தோல் பிசுக்குமையுள்ள படையாகி ஓடுவது. அவர்களுடைய கணக்கு முதலாவதின் பக்கம் சாய்ந்தது. நான் அதையே முன்னால் வைத்ததற்குக் காரணம், வெப்பநிலைக்கும் அயன் அடர்த்திக்கும் துளை காட்டுகிற பதிலை அது நேராகச் சொல்கிறது. ஆனால் பாய்கிற தோலை நான் ஒதுக்கிவிடவில்லை.

மேற்பரப்பிழுவை மட்டும் வேலை செய்கிற இடம் ஒன்று உள்ளது, உங்கள் வகுப்புக்கு அது இன்னும் அழகு. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் சீஸ் டெக்கரின் குழு 2003இல் அயனை விட்டுவிட்டு இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கற்றையையே சிலிக்கன் ஒட்சைட்டுத் துளையின்மேல் விட்டது. படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளை மாறியது. சின்னத் துளைகள் சுருங்கின, பெரிய துளைகள் விரிந்தன.

ஏன் என்பது ஒரு பலகைக் கணக்கு. தகட்டில் உருளை வடிவத் துளை போட்டால் சுவரின் பரப்பு புதிதாக வருகிறது, மேலும் கீழும் இரண்டு வட்டப் பரப்பு இல்லாமல் போகிறது. ஆகவே பரப்பில் வந்த மாற்றம் 2 × பை × ஆரை × (தடிப்பு − ஆரை). இதை ஆரை குறித்து வகையிடுங்கள். ஆரை தடிப்பின் அரைவாசியில் இருக்கும்போது பூச்சியம் வரும், அது ஒரு உச்சம். துளையின் விட்டம் தடிப்பை விடக் குறைவென்றால் சுருங்குவதில் பரப்புக் குறைகிறது. கூடவென்றால் விரிவதில் குறைகிறது. நடுவில் நிற்கிற துளை எந்தப் பக்கமும் சரியலாம். அவர்கள் பார்த்ததும் இதற்கு இசைவாகவே இருந்தது.

இனி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இலத்திரன் கற்றையில் துளை எந்தப் பக்கம் போகும் என்பதைத் துளையின் வடிவமே சொல்லிவிடுகிறது. ஆகன் கற்றையில் வடிவத்தை மாற்றாமல் வெப்பநிலையை மட்டும் மாற்றினாலே திசை திரும்புகிறது. வெறும் மேற்பரப்பிழுவையால் அதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் அயன் பொருளை எறிந்துகொண்டும் இருக்கிறது. நீங்கள் சொன்ன பாய்மத்தோடு எறிதலையும் சேர்த்து, பிசுக்குமை வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்றும் எழுதினால் உங்கள் கதையும் நிற்கக்கூடும்.

பிள்ளைகளுக்குச் செய்து பார்க்க ஏதாவது வேண்டுமென்றால், எஸ்ஆர்ஐஎம் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய விண்டோஸ் கணினியிலும் ஓடும். ஆகன், 3 கிலோ இலத்திரன்வோல்ட், இலக்குப் பொருள் சிலிக்கன் நைத்திரைட்டு என்று கொடுத்துச் சில ஆயிரம் அயன்களை விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு அயனும் எவ்வளவு ஆழம் போகிறது, எத்தனை அணு இடம் பெயர்கிறது, எத்தனை வெளியே பறக்கிறது என்று திரையில் வரும். இடம் பெயர்ந்ததற்கும் பறந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களே எண்ணட்டும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அந்த மென்பொருள் மோதல்களை மட்டும்தான் கணிக்கும். மோதல் முடிந்தபின் அணு தாவுவதோ, தோல் ஓடுவதோ, வெப்பநிலையோ அதற்குள் கிடையாது. அதை நம்பினால் துளை பெருத்துக்கொண்டே போகும், கேள்வி கேட்ட பிள்ளை நினைத்தபடியே.